பகைவன் வீட்டு அழுகையைக் கேட்ட ஊர்: கிரேக்கத் துன்பியல் நாடகங்கள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பழைய கிரேக்க நாடகங்களைப் படிக்கிறேன் என்று சொன்னால் நண்பர்கள் கேட்கிற கேள்விகள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் இருக்கும். அவற்றையும், படிக்கத் தொடங்கிப் பாதியில் புத்தகத்தை மூடிவைத்தவர்கள் கேட்டவற்றையும் இங்கே சேர்த்திருக்கிறேன். சில பதில்கள் நீண்டுவிட்டன. அந்த இடங்களில் எனக்குச் சொல்ல நிறைய இருந்தது.

2,500 வருடம் பழைய நாடகம் இன்று எனக்கு எதற்கு?

ஒரு நாளைப் பற்றிச் சொல்கிறேன். கி.மு. 480ல் பாரசீக மன்னன் செர்க்ஸஸின் படை ஏதென்ஸுக்குள் புகுந்து, அக்ரோபொலிஸ் குன்றின் மேலிருந்த கோயில்களைக் கொளுத்தியது. அதே ஆண்டு சலாமிஸ் கடற்போரில் கிரேக்கர்கள் அந்தப் படையை முறியடித்தார்கள். எட்டு வருடம் கழித்து, கி.மு. 472ல், அதே குன்றின் தெற்குச் சரிவில் ஏதென்ஸ் மக்கள் நாடகம் பார்க்க உட்கார்ந்தார்கள். அவர்கள் முதுகுக்குப் பின்னால் குன்றின் உச்சியில் எரிந்த கோயில்கள் இன்னும் இடிபாடாகவே கிடந்தன.

எதிரே நடந்த நாடகம் ஈஸ்கிலஸ் எழுதிய 'பாரசீகர்கள்'. கதை நடப்பது பகைவனின் தலைநகரத்தில். போருக்குப் போன மகன் என்ன ஆனான் என்று தெரியாமல் அரசி தவிக்கிறாள். தூதன் வருகிறான், இறந்த தளபதிகளின் பெயர்களை ஒவ்வொன்றாகச் சொல்கிறான். கடைசியில் கிழிந்த உடையோடு செர்க்ஸஸே வந்து, ஊர்க் கிழவர்களோடு சேர்ந்து மார்பில் அடித்துக்கொண்டு அழுகிறான். நாடகம் அந்த அழுகையோடு முடிகிறது.

எழுதியவர் வேடிக்கை பார்த்தவர் இல்லை. ஈஸ்கிலஸ் மாரத்தான் போரில் பாரசீகர்களோடு நேருக்கு நேர் சண்டையிட்டவர். அவருடன் பிறந்த கினெகிரஸ் அதே போரில், பகைவர்களின் கப்பலைக் கையால் பற்றியபோது கை வெட்டுண்டு இறந்ததாக வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் எழுதுகிறார். அப்படிப்பட்ட ஒருவர், தன் உடன்பிறந்தவனைக் கொன்றவர்களின் வீட்டு ஒப்பாரியை எழுதினார். பாரசீகர்களோடு நடந்த போர்களில் அப்பாவையும் அண்ணனையும் இழந்தவர்கள் உட்கார்ந்து கேட்டார்கள். முதல் பரிசும் கொடுத்தார்கள்.

ஏதென்ஸின் பெருமையும் அந்த நாடகத்தில் உண்டு, அதை மறைக்க வேண்டியதில்லை. ஏதென்ஸ்காரர்களுக்கு எஜமானன் யார் என்று அரசி கேட்கிறாள். அவர்கள் எந்த மனிதனுக்கும் அடிமைகள் இல்லை என்று பதில் வருகிறது. அரங்கில் அப்போது என்ன ஆரவாரம் எழுந்திருக்கும் என்று ஊகிக்கலாம். ஆனாலும் நாடகத்தில் அழுவதற்கான இடம் முழுவதும் தோற்றவர்களுக்குத்தான் தரப்பட்டிருக்கிறது. ஜெயித்த ஊர் ஒன்று, தோற்றவன் வீட்டுத் திண்ணையில் போய் உட்கார்ந்து அங்கே அழுகிற சத்தத்தைக் கேட்க ஒப்புக்கொண்டது. இந்த நாடகங்கள் என்னைப் பிடித்துக்கொண்டது இதனால்தான். நம் காலத்தில் ஒரு போர் முடிந்து எட்டே வருடத்தில் இப்படி ஒன்று நடக்குமா என்று யோசித்துப் பாருங்கள். அந்த யோசனையே இவற்றைப் படிக்கப் போதுமான காரணம் என்று நினைக்கிறேன்.

எழுதியவர்கள் யார்? எத்தனை நாடகங்கள் கிடைத்திருக்கின்றன?

முழுதாகக் கிடைப்பவை மூன்று பேருடையவை: ஈஸ்கிலஸ், சோஃபக்ளீஸ், யூரிப்பிடீஸ். மூவரும் கி.மு. ஐந்தாம் நூற்றாண்டு ஏதென்ஸில் எழுதியவர்கள். ஈஸ்கிலஸ் பெயரில் 7, சோஃபக்ளீஸ் பெயரில் 7, யூரிப்பிடீஸ் பெயரில் 19, ஆக 33. இதில் ஒன்றிரண்டை உண்மையில் வேறு யாரோ எழுதியிருக்கலாம் என்ற சர்ச்சை இருக்கிறது. சோஃபக்ளீஸ் மட்டுமே 120க்கு மேல் எழுதியவர். மீதியெல்லாம் போய்விட்டன.

யூரிப்பிடீஸுக்கு மட்டும் ஏன் 19 என்பதற்குப் பின்னால் ஓர் அதிர்ஷ்டம் இருக்கிறது. பள்ளிகளில் பாடமாக வைத்த நாடகங்கள்தான் பெரும்பாலும் திரும்பத் திரும்பப் பிரதியெடுக்கப்பட்டுப் பிழைத்தன. அவருடைய மொத்த நாடகங்களையும் அகரவரிசையில் அடுக்கிய தொகுப்பிலிருந்து ஒரு பகுதி மட்டும் தற்செயலாகத் தனியே தப்பித்தது. ஹெலன், எலெக்ட்ரா, ஐயான் என்று கிரேக்க நெடுங்கணக்கில் அடுத்தடுத்த எழுத்துகளில் தொடங்கும் நாடகங்கள் கூட்டமாகக் கிடைத்தது அப்படித்தான். யாரும் தேர்ந்தெடுக்காமல் பிழைத்தவை என்பதால் அவர் வழக்கமாக எப்படி எழுதினார் என்பது அவற்றில் நன்றாகத் தெரிகிறது.

இன்னும் ஒரு சம்பவம். ஏதென்ஸ் அரசு வைத்திருந்த அதிகாரபூர்வப் பிரதிகளை அலெக்ஸாண்ட்ரியா நூலகத்துக்காக எகிப்தை ஆண்ட மூன்றாம் தாலமி மன்னன் இரவல் வாங்கினான், பிணையாக 15 தாலந்து வெள்ளி கட்டினான். அப்புறம் மூலத்தை வைத்துக்கொண்டு நகல்களைத்தான் திருப்பி அனுப்பினான், பிணைப்பணம் போனால் போகட்டும் என்று விட்டுவிட்டான். மருத்துவர் கேலன் எழுதிவைத்த தகவல் இது. எகிப்தின் மணலிலிருந்து பாப்பிரஸ் துண்டுகளாக இன்றும் வரிகள் கிடைத்துக்கொண்டிருக்கின்றன.

அந்தக் காலத்தில் எப்படி நடித்தார்கள்?

டயனைசஸ் என்ற தெய்வத்துக்கு வசந்தகாலத்தில் எடுக்கும் திருவிழாவில், பகல் வெளிச்சத்தில், திறந்தவெளியில். போட்டிக்கு மூன்று கவிஞர்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு நாள். அந்த நாளில் மூன்று துன்பியல் நாடகங்கள், முடிவில் கூத்தும் கும்மாளமுமாக ஒரு சிறு நாடகம். பேசும் பாத்திரங்கள் எத்தனை இருந்தாலும் நடிகர்கள் மூன்று பேர்தான். முகமூடியை மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டு மூவரே எல்லா வேடங்களையும் ஏற்றார்கள். கூடவே பாடி ஆடும் கோரஸ் குழு, முதலில் 12 பேர், பின்னாளில் 15 பேர். எல்லோரும் ஆண்கள்.

நாடகம் தொடங்கும் முன் நடந்த ஒரு சடங்கை மட்டும் மறக்காமல் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். போரில் இறந்தவர்களின் பிள்ளைகளை அரசு செலவில் வளர்த்தார்கள். அவர்களில் வயதுக்கு வந்த பையன்களுக்கு ஆயுதமும் கவசமும் கொடுத்து அந்த அரங்கத்திலேயே எல்லோர் முன்னாலும் நடக்கவைத்தார்கள். அவர்கள் போய் உட்கார்ந்த பிறகு நாடகம் தொடங்கும். தகப்பனை இழந்த பையன்கள் முன்வரிசையில் இருக்கும்போது போரைப் பற்றிப் பேசுகிற நாடகம் என்னவாகக் கேட்டிருக்கும்!

முகமூடி போட்டால் உணர்ச்சி எப்படித் தெரியும்?

குரலில். கி.மு. நான்காம் நூற்றாண்டில் போலஸ் என்று பேர்போன நடிகர் ஒருவர் இருந்தார். சோஃபக்ளீஸின் 'எலெக்ட்ரா'வில் அவருக்கு எலெக்ட்ரா வேடம். தம்பி ஓரெஸ்டீஸ் இறந்துவிட்டான் என்று நம்பி, அவன் அஸ்தி இருப்பதாகச் சொல்லப்படும் கலசத்தைக் கையில் வாங்கி அவள் அழ வேண்டும். தம்பி உயிரோடு எதிரே நிற்கிறான், அவளுக்குத் தெரியாது. இவ்வளவு சின்னக் கலசத்துக்குள் ஒன்றுமில்லாமல் ஆகிவிட்டாயே, எந்தக் கையால் உன்னைத் தூக்கி வளர்த்தேனோ அந்தக் கையில் இப்போது வெறும் கனமாகக்கூட இல்லையே என்பது அந்தப் பேச்சின் சாரம். அந்த நாட்களில் போலஸின் சொந்த மகன் இறந்திருந்தான். மகனின் அஸ்தியைக் கல்லறையிலிருந்து எடுத்துவரச் செய்து, அந்தக் கலசத்தையே மேடையில் கட்டிக்கொண்டு அழுதார் என்று ரோமானிய எழுத்தாளர் ஆவ்லுஸ் கெல்லியுஸ் பதிவுசெய்திருக்கிறார். முகமூடிக்குப் பின்னால் யாருடைய அழுகை அது என்று அரங்கத்தில் எத்தனை பேருக்குத் தெரிந்திருக்கும்?

எல்லாம் விதிப்படி நடக்கிறது என்றால் அதில் படிக்க என்ன இருக்கிறது?

அதிகம் கேட்கப்படும் கேள்வி இது. நானும் கல்லூரியில் 'ஈடிப்பஸ் மன்னன்' பற்றி விதியின் வலிமை என்று நாலு பக்கம் எழுதி மதிப்பெண் வாங்கியவன்தான். பிறகு நிதானமாகப் படித்தபோது நாடகத்தில் வேறொன்று நடப்பது தெரிந்தது.

ஈடிப்பஸ் தந்தையைக் கொல்வான், தாயை மணப்பான் என்பது ஜோசியவாக்கு. சரி. ஆனால் நாடகம் தொடங்கும்போது அந்த இரண்டும் நடந்து பல வருடம் ஆகிவிட்டது. மேடையில் நடப்பது ஒன்றே ஒன்று: ஈடிப்பஸ் கேள்வி கேட்கிறான். தீப்ஸ் நகரத்தில் கொள்ளைநோய், முந்தைய மன்னன் லாயஸைக் கொன்றவனைக் கண்டுபிடித்தால்தான் நோய் தீரும். தேடுகிறான். தேடத் தேட வழி தன் வீட்டை நோக்கித் திரும்புகிறது. நிறுத்து என்று ஒவ்வொருவராகக் கெஞ்சுகிறார்கள். மனைவியும் தாயுமான ஜொகாஸ்டா அவனுக்கு முன்பே உண்மையைப் புரிந்துகொள்கிறாள். உன் உயிர் மேல் உனக்குக் கொஞ்சமாவது அக்கறை இருந்தால் இதைத் தேடாதே என்கிறாள். அவன் கேட்பதாயில்லை. பாவப்பட்டவனே, உன்னை அழைக்க எனக்கு மிச்சமிருப்பது இந்த ஒரு பெயர்தான், இனி வேறெதுவும் சொல்லமாட்டேன் என்று உள்ளே போகிறாள். உயிரோடு அவளை நாம் பார்ப்பது அதுதான் கடைசி.

அடுத்து ஒரு கிழட்டு இடையனை இழுத்து வருகிறார்கள். ஈடிப்பஸ் பிறந்ததும் அந்தக் குழந்தையைக் கொல்லச் சொல்லி அவன் கையில்தான் கொடுத்தார்கள், அவன்தான் இரக்கப்பட்டு அதை இன்னொருவனிடம் கொடுத்தான். சொல்லச் சொல்லி மிரட்டுகிறான் ஈடிப்பஸ். "ஐயோ, பயங்கரமானதைச் சொல்லும் விளிம்பில் நிற்கிறேன்" என்கிறான் இடையன். "நான் அதைக் கேட்கும் விளிம்பில் நிற்கிறேன். ஆனாலும் கேட்டே ஆக வேண்டும்" என்கிறான் ஈடிப்பஸ்.

இந்த இரண்டு வரிக்காக நான் அந்த நாடகத்தை எத்தனை முறை வேண்டுமானாலும் படிப்பேன். தன் பிறப்பைப் பற்றிக் கேட்கும்படி எந்த ஜோசியவாக்கும் அவனிடம் சொல்லவில்லை. வாயை மூடிக்கொண்டு அரசனாகவே இருந்திருக்கலாம். தன்னை அழிக்கப்போகும் உண்மை என்று பாதி தெரிந்தும் அவன் கேட்கிறான். கண்ணைக் குத்திக்கொண்ட பிறகு அவனே பிரித்துச் சொல்கிறான்: இந்தத் துயரங்களைக் கொண்டுவந்தது அப்போலோ, ஆனால் கண்ணைக் குத்திய கை என்னுடையது. தெய்வத்தின் பங்கு எது, தன் பங்கு எது என்று கண் இழந்த நிலையிலும் கணக்குத் தவறாமல் சொல்கிற ஒருவனைப் பார்த்து, விதி விளையாடிவிட்டது என்று முடித்துவிட முடியாது.

'ஹமார்த்தியா' என்றால் குணக்கேடு என்று படித்தோமே?

பாடப்புத்தகங்கள் அப்படித்தான் சொல்லிக்கொடுத்தன. கதாநாயகனிடம் ஒரு குறை இருக்கும், அதனால் விழுவான் என்று. அரிஸ்டாட்டில் பயன்படுத்திய அந்தச் சொல், எறிந்த ஈட்டி குறி தவறுவதைச் சொல்லும் வினையிலிருந்து வந்தது. தவறு, பிசகு என்பதுதான் நெருக்கமான பொருள். நல்லவன் ஒருவன், காரணத்தோடு, தெரியாமல் பிசகுகிறான். அதைப் பார்க்கும்போதுதான் இரக்கமும் அச்சமும் வருகின்றன. கெட்டவன் விழுந்தால் நமக்கென்ன இரக்கம்?

அரிஸ்டாட்டில் பிறந்தது கி.மு. 384ல். அதற்குள் மூன்று கவிஞர்களும் இறந்துபோயிருந்தார்கள். அவர் சொன்னது கூர்மையான விமர்சகர் ஒருவரின் கருத்து. அதை விதிமுறைப் புத்தகமாக வைத்துக்கொண்டு நாடகங்களை அளக்கத் தேவையில்லை.

ஆன்டிகனி, கிரியான், யார் பக்கம் நியாயம்?

ஆன்டிகனி பக்கம்தான் என்று நாடகத்தின் முடிவு சொல்கிறது. ஆனால் அங்கே போய்ச் சேரும் வழியைக் கவனிக்க வேண்டும்.

தீப்ஸ் நகரத்து இளவரசர்கள் இருவர் ஒருவரையொருவர் கொன்றுவிட்டார்கள். ஒருவன் நகரத்தைக் காத்தவன், மற்றவன் வெளிநாட்டுப் படையோடு வந்து தாக்கியவன். தாக்கியவனை அடக்கம் செய்யக் கூடாது, நாய்க்கும் கழுகுக்கும் போடுங்கள் என்று புதிய அரசன் கிரியான் ஆணையிடுகிறான். தங்கை ஆன்டிகனி கைப்பிடி மண் தூவி அடக்கச் சடங்கைச் செய்துவிடுகிறாள். கிரியான் முதலில் பேசுவது கொடுங்கோலன் பேச்சாகக் கேட்காது. உறவைவிட ஊர் பெரிது, ஊர் என்ற கப்பல் கவிழ்ந்தால் யாருக்கு யார் நண்பன் என்கிறான். உள்நாட்டுச் சண்டை முடிந்த மறுநாள் பதவிக்கு வந்த எந்த ஆட்சியாளனும் பேசக்கூடிய பேச்சு. எழுதிய சோஃபக்ளீஸும் படைத்தலைவர் பதவி வகித்தவர், ஆட்சி என்றால் என்ன என்று உள்ளிருந்து பார்த்தவர்.

அவன் கெட்டுப்போவது பேச்சுப் பேச்சாக நடக்கிறது. மகன் ஹைமன் வந்து பணிவோடுதான் சொல்கிறான்: வெள்ளத்தில் வளைந்து கொடுக்கிற மரம் கிளையைக் காப்பாற்றிக்கொள்கிறது, விறைத்து நிற்கிற மரம் வேரோடு போகிறது. பத்து நிமிடத்துக்குள் அப்பாவும் பிள்ளையும் கத்திக்கொண்டு நிற்கிறார்கள். காது கேட்காமல் போவது எப்படி என்பதை மேடையில் இவ்வளவு துல்லியமாகக் காட்டிய வேறு காட்சி எனக்குத் தெரியாது.

தென்னாப்பிரிக்காவின் ராபன் தீவுச் சிறையில் கைதிகள் இந்த நாடகத்தைப் போட்டபோது நெல்சன் மண்டேலா கிரியான் வேடத்தில் நடித்தார். அதை நினைக்கும்போதெல்லாம் எனக்குச் சிலிர்க்கிறது. அடக்குமுறையால் சிறைக்கு வந்தவர், அடக்குகிறவனின் வரிகளை மனப்பாடம் செய்து, அவன் இடத்தில் நின்று பேசிப் பார்த்தார். ஆன்டிகனியின் எதிர்ப்பு அவருக்கு ஏற்கெனவே தெரிந்ததுதான். அந்தச் சிறையில் போட்ட ஆன்டிகனியை மனதில் வைத்து ஆதல் ஃபுகார்டும் ஜான் கானியும் வின்ஸ்டன் ன்ட்ஷோனாவும் 1973ல் 'தீவு' என்ற நாடகத்தை உருவாக்கினார்கள். அதற்கு முன் 1944ல், ஜெர்மானியர் பிடியிலிருந்த பாரிஸில், ழான் அனூய் தன் ஆன்டிகனியை மேடையேற்றியிருந்தார்.

கதைகள் ஏன் எப்போதும் பழங்கதைகளாக இருக்கின்றன?

ஒருமுறை சூடுபட்டுக்கொண்டார்கள். மிலேட்டஸ் என்ற கிரேக்க நகரத்தைப் பாரசீகர்கள் கி.மு. 494ல் அழித்தார்கள். அந்த அழிவை உடனேயே ஃப்ரினிக்கஸ் என்ற கவிஞர் நாடகமாகப் போட்டார். அரங்கமே கதறிவிட்டது. சொந்தத் துயரத்தை நினைவுபடுத்தியதற்காக ஏதென்ஸ் அவருக்கு 1,000 திராக்மா அபராதம் விதித்தது, அந்த நாடகத்தை இனி யாரும் போடக் கூடாது என்றும் உத்தரவிட்டது.

அதற்குப் பிறகு கவிஞர்கள் பெரும்பாலும், பழங்கதைகளில் கிரேக்கர்கள் அழித்த ட்ராய் நகரத்துக்கும் தீப்ஸுக்கும் போய் நின்றுகொண்டு தங்கள் ஊரைப் பற்றிப் பேசினார்கள். இன்று வாசிக்கிற நமக்கு இது பெரிய லாபம். அன்றைய ஏதென்ஸின் உள்ளூர் அரசியல் தெரியாமலேயே நமக்குக் கதை புரிந்துவிடுகிறது.

போரைப் பற்றி ஒரே ஒரு நாடகம் படிக்கலாம் என்றால்?

யூரிப்பிடீஸின் 'ட்ராய் நகரப் பெண்கள்'. கி.மு. 416ல் ஏதென்ஸ், பணிய மறுத்த மெலோஸ் தீவைப் பிடித்து, அகப்பட்ட வயதுவந்த ஆண்களைக் கொன்று, பெண்களையும் குழந்தைகளையும் அடிமைகளாக விற்றது. அடுத்த ஆண்டே, 415 வசந்தத்தில், இந்த நாடகம் அதே ஏதென்ஸில் நடந்தது. மெலோஸின் பெயரே அதில் வராது. போர் முடிந்த மறுநாள், எரியும் ட்ராய் நகரத்து வாசலில், எந்தக் கிரேக்கனுக்கு எந்தப் பெண் என்று பங்கு பிரிக்கக் காத்திருக்கும் பெண்கள்தான் நாடகம் முழுவதும்.

கதை என்று பெரிதாக ஒன்றுமில்லை. ஒரு காட்சியை மட்டும் பக்கத்தில் போய்ப் பாருங்கள். மாவீரன் ஹெக்டரின் சின்னப் பையன் அஸ்டியானக்ஸை, வளர்ந்தால் பழிவாங்குவான் என்று பயந்து, கிரேக்கர்கள் மதிலிலிருந்து தள்ளிக் கொல்கிறார்கள். தாயை அதற்குள் கப்பலில் ஏற்றிக் கொண்டுபோயாயிற்று. உடல் பாட்டி ஹெக்யூபாவிடம் வருகிறது, அப்பாவின் கேடயத்தின் மேல் கிடத்தி. சவப்பெட்டிக்குப் பதில் அந்தக் கேடயத்திலேயே புதைக்கச் சொல்லி தாய் கெஞ்சிக் கேட்டிருக்கிறாள். கொண்டுவருகிறவன் பகைவர்களின் தூதன் டால்திபியஸ். வரும் வழியில் ஆற்றைக் கடக்கும்போது நானே உடலைக் கழுவிக் காயங்களைத் துடைத்துவிட்டேன், குழியையும் நானே வெட்டுகிறேன், சீக்கிரம் முடியும் என்கிறான். ஆணையை நிறைவேற்றிய கை, அதே கை.

கிழவி பேரனைப் பார்க்கிறாள். கைகள் அப்படியே அவன் அப்பாவின் கைகள் என்கிறாள். என் கட்டில் மேல் விழுந்து, பாட்டி, நீ செத்தால் என் முடியை நிறைய வெட்டி உனக்குப் போடுவேன், என் கூட்டாளிகளை எல்லாம் கூட்டிக்கொண்டு உன் கல்லறைக்கு வருவேன் என்றாயே, பொய் சொல்லிவிட்டாயே என்கிறாள். அப்புறம் கேடயத்தின் மேல் அவள் கண் போகிறது. கைப்பிடியில் ஹெக்டரின் கை பதிந்த தடம். விளிம்பில் வியர்வைக் கறை, களத்தில் களைத்துப்போய்த் தாடியை அதில் அழுத்திச் சாய்ந்தபோது வழிந்தது. உன் கல்லறையில் என்ன எழுதுவார்கள், 'இந்தப் பிள்ளையைக் கிரேக்கர்கள் பயந்து கொன்றார்கள்' என்றா என்று கேட்கிறாள். அரங்கத்தில் உட்கார்ந்திருந்தவர்கள் அந்தக் கிரேக்கர்கள்தான்.

சிரியாவிலிருந்து தப்பி வந்த பெண்கள் 2013ல் ஜோர்டானின் அம்மான் நகரில் இந்த நாடகத்தைத் தங்கள் சொந்தக் கதைகளோடு கலந்து நடித்தார்கள். அமெரிக்காவில் பிரையன் டோரீஸ் என்ற இயக்குநர் 2009ல் ஓர் அமைப்பைத் தொடங்கி, சோஃபக்ளீஸின் போர்வீரர் நாடகங்களைப் படைவீரர்கள் முன்னாலும் அவர்கள் குடும்பத்தார் முன்னாலும் வாசிக்கச் செய்கிறார். வாசிப்பு முடிந்ததும் கேட்டவர்கள் எழுந்து பேசுகிறார்கள்.

கோரஸ் பாட்டுகள் போரடிக்கின்றன. தாண்டிவிடலாமா?

முதல் முறை வேகமாகப் போகலாம், முழுதாகத் தாண்டிவிட வேண்டாம். கோரஸில் பெரும்பாலும் வருகிறவர்கள் யார் என்று பாருங்கள்: போருக்குப் போக வயது கடந்த கிழவர்கள், அடிமைப் பெண்கள், அக்கம்பக்கத்துப் பெண்கள். எதையும் தடுக்கிற நிலையில் இல்லாதவர்கள்.

ஈஸ்கிலஸின் 'அகமெம்னன்' நாடகத்தில், ட்ராயிலிருந்து வெற்றியோடு திரும்பிய அரசனை மனைவி க்ளைட்டம்நெஸ்ட்ரா குளியலறையில் வெட்டிக் கொல்கிறாள். அலறல் வெளியே கேட்கிறது. வாசலில் 12 கிழவர்கள். ஊரைக் கூட்டுவோம் என்கிறார் ஒருவர். உடனே உள்ளே பாய்வோம் என்கிறார் அடுத்தவர். நிச்சயமாகத் தெரியாமல் என்ன செய்வது என்கிறார் இன்னொருவர். ஆளுக்கு இரண்டு வரி. பேசி முடிப்பதற்குள் கதவு திறக்கிறது, பிணத்தின் பக்கத்தில் அரசி நிற்கிறாள். பக்கத்து வீட்டில் சத்தம் கேட்டு நடுராத்திரி எழுந்து உட்கார்ந்து, போகலாமா வேண்டாமா என்று யோசித்த யாருக்கும் அந்த 24 வரி புரியும்.

ஆண்கள் எழுதி ஆண்களே நடித்ததில் பெண்கள் எவ்வளவு உண்மையாக இருக்க முடியும்?

ஏதென்ஸில் பெண்ணுக்கு வாக்கில்லை, சபையில் பேச்சில்லை. அந்த ஊரின் நாடகத்திலோ பெண்கள் பேசிக்கொண்டே இருக்கிறார்கள். இந்த முரண் எனக்கு இன்றுவரை ஆச்சரியம்தான். யூரிப்பிடீஸின் 'மெடியா'வில் கணவனால் கைவிடப்பட்ட அந்நிய தேசத்துப் பெண் சொல்கிறாள்: நாங்கள் வீட்டில் பத்திரமாக இருக்கிறோமாம், ஆண்கள் போருக்குப் போகிறார்களாம், ஒரு பிள்ளை பெறுவதற்குப் பதில் மூன்று முறை கேடயத்தோடு களத்தில் நிற்கத் தயார்.

அவளே பிறகு தன் பிள்ளைகளைக் கொல்கிறாள். கொல்லும் முன் அவர்கள் கையைப் பிடித்துக்கொண்டு, தோல் எவ்வளவு மெத்தென்று இருக்கிறது, மூச்சு எவ்வளவு இனிக்கிறது என்கிறாள். செய்யப்போவது எவ்வளவு தீயது என்று எனக்குத் தெரிகிறது, ஆனால் என் யோசனையைவிட என் ஆத்திரம் பெரிதாக இருக்கிறது என்றும் சொல்கிறாள். அவளை மன்னிக்கச் சொல்லி யூரிப்பிடீஸ் நம்மைக் கேட்கவில்லை. கடைசிவரை கேட்கவைக்கிறார். கி.மு. 431 போட்டியில் அவருக்கு மூன்றாமிடம், அதாவது கடைசி இடம்.

எல்லாமே சாவில்தான் முடியுமா?

இல்லை. துன்பியல் என்ற நம் சொல்லே கொஞ்சம் திசைதிருப்பிவிடுகிறது. 'பிலோக்டெட்டீஸ்' சமாதானத்தில் முடிகிறது. 'ஹெலன்', 'ஐயான்' இரண்டும் பிரிந்தவர் கூடுவதில் முடிகின்றன. ஈஸ்கிலஸின் 'ஓரெஸ்டியா' மூன்று நாடகத் தொடர் கொலையில் தொடங்கி, நீதிமன்றம் ஒன்று பிறப்பதில் முடிகிறது.

இந்தியாவுக்கும் இவற்றுக்கும் ஏதாவது தொடர்பு உண்டா?

சின்னதாக ஒன்று. எகிப்தின் ஆக்ஸிரிங்கஸ் குப்பைமேட்டில் கிடைத்த ஒரு பாப்பிரஸில் கிரேக்கக் கேலிக்கூத்து ஒன்று இருக்கிறது. இந்தியக் கடற்கரையில் சிக்கிக்கொண்ட காரிட்டியன் என்ற கிரேக்கப் பெண்ணைப் பலியிடப் பார்க்கிறார்கள். அவள் அண்ணன் உள்ளூர் அரசனுக்கு மதுவை ஊற்றிக்கொடுத்து அவளை மீட்டுப் போகிறான். யூரிப்பிடீஸின் 'தவுரிஸ் நாட்டில் இஃபிஜினியா' கதையை அப்படியே கேலியாக மாற்றியது இது. அதில் இந்தியர்கள் பேசுவதாக வரும் வரிகள் கன்னடமா துளுவா என்று அறிஞர்கள் நூறு வருடமாக வாதாடுகிறார்கள்.

எதிலிருந்து தொடங்குவது? எப்படிப் படிப்பது?

'ஈடிப்பஸ் மன்னன்', அப்புறம் 'ஆன்டிகனி', 'மெடியா', 'ட்ராய் நகரப் பெண்கள்'. 'ஓரெஸ்டியா'வை ஐந்தாவதாக வையுங்கள். அதுதான் எல்லாவற்றிலும் பெரியது, ஆனால் முதல் நாடகமாகப் படித்தால் மூச்சு வாங்கும். ஒவ்வொன்றையும் ஒரே உட்காரலில் முடியுங்கள். எந்தத் தனி நாடகமும் ஒரு சினிமாவைவிட அதிக நேரம் எடுக்காது. கதைச்சுருக்கத்தை முன்பே படித்துவிடுவதில் தப்பே இல்லை, அன்றைய பார்வையாளர்களுக்கும் கதை தெரியும். முடிந்தால் இரண்டு பேராக, வாய்விட்டு. அந்த இடையன் காட்சியைக் கண்ணால் மட்டும் படித்துவிட்டு நகர்ந்துவிடாதீர்கள்.

மொழிபெயர்ப்பில் படித்தால் பாதி போய்விடாதா?

சந்தம் போய்விடும், சொல்விளையாட்டு பெரும்பாலும் போய்விடும். ஆனால் தமிழில் ஒன்று மட்டும் போகாது. இந்த நாடகங்களில் அழுகைச் சத்தங்களை எழுத்திலேயே எழுதிவைத்திருக்கிறார்கள். ஒட்டொட்டொட்டொய், ஃபியூ, ஐயை. ஆங்கில மொழிபெயர்ப்பாளர்கள் இவற்றின் முன்னால் திணறுகிறார்கள், அவர்கள் அன்றாடப் பேச்சில் இப்போது அப்படிச் சத்தம் இல்லை. நமக்கு ஐயோ இருக்கிறது, அந்தோ இருக்கிறது, ஐயையோ இருக்கிறது, வீட்டிலும் தெருவிலும் இன்றும் புழங்குகிறது.

சோஃபக்ளீஸின் ஒரு நாடகத்தில் பெரும் வீரன் ஒருவன், புத்தி பேதலித்த இரவில் ஆட்டுமந்தைகளைப் பகைவர்கள் என்று எண்ணி வெட்டித் தள்ளிவிட்டு, தெளிந்ததும் அந்த ரத்தத்துக்கு நடுவே உட்கார்ந்திருக்கிறான். ஆங்கிலத்தில் அவன் பெயர் அஜாக்ஸ். கிரேக்கத்தில் ஐயாஸ். "ஐயை! என் பெயரே என் துயரத்தின் ஓசையாகும் என்று யார் நினைத்திருப்பார்கள்? இனி இரண்டு முறை, மூன்று முறை இதையே சொல்லி அழலாம்" என்கிறான். ஆங்கிலத்தில் இந்த வரிக்கு அடிக்குறிப்பு வேண்டும். தமிழில் ஐயாஸ் என்று எழுதி, பக்கத்தில் ஐயோ என்று எழுதினால் போதும்.